கார் இன்ஜினின் குளிர்விசிறியும் விசிறி கிளட்சும்: பழவேற்காடு வட்டாரத்தில் பழுது கண்டறிதல்

குளிர்விசிறி என்பது ரேடியேட்டரின் வழியாகக் காற்றை இழுத்து, இன்ஜினைச் சுற்றி வரும் நீரின் வெப்பத்தை வெளியேற்றும் விசிறி ஆகும். விசிறி கிளட்ச் என்பது அந்த விசிறியை இன்ஜினுடன் தேவைப்படும்போது இறுகப் பிணைத்து, தேவையில்லாதபோது தளர்த்தி விடும் உறுப்பு. ஓட்டுநர் காலால் மிதிக்கும் கியர் கிளட்சுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஏ.சி. கம்பிரஸரின் முகப்பில் உள்ள காந்தக் கிளட்சும் வேறு.

இன்ஜின் சூடாகிறது என்ற ஒரே குறைக்குப் பல காரணங்கள் உண்டு. விசிறி, கிளட்ச், ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் ஆகிய எதுவும் அதற்குக் காரணமாகலாம். எதனால் என்று அறியாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பணத்தையும் நாளையும் வீணாக்கும். எந்த நிலையில் வண்டி சூடாகிறது என்பதை முதலில் கவனித்தால் காரணங்களில் பாதி அப்போதே விலகிவிடும். பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் கிராமங்களில் ஓடும் கார்களையும் மீன் ஏற்றும் சிறு வண்டிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அம்முறையை விளக்குகிறது.

பழவேற்காட்டுச் சூழல்

ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. ஆரணி ஆறும் காலங்கி ஆறும் இதில் வந்து சேர்கின்றன. பழவேற்காடு ஊர் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், பொன்னேரி வட்டத்தில் உள்ளது. ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலும் ஏரிக்கரையிலும் குப்பங்கள் பல உள்ளன. இங்கு பிடிபடும் இறால், நண்டு, மடவை முதலியன பனிக்கட்டி இட்டு வண்டிகளில் பொன்னேரிக்கும் சென்னைச் சந்தைகளுக்கும் செல்கின்றன.

இன்ஜின் குளிர்விப்பைப் பொறுத்தவரை இவ்வூரின் சூழல் மூன்று வகையில் கடினமானது.

முதலாவது உப்பு. கடற்காற்றிலும் ஏரி நீரிலும் உள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளையும் மின் இணைப்புகளையும் அரிக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நீரின் உப்பு குறைகிறது. கோடையில் நீர் ஆவியாகி உப்பு மிகுகிறது.

இரண்டாவது மணல். மணற்பாதையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் செல்லும்போது இன்ஜின் மிகுந்த வேலை செய்கிறது. வண்டியோ மெதுவாக நகர்கிறது. வெப்பம் அதிகம், எதிர்காற்று குறைவு.

மூன்றாவது காத்திருப்பு. படகு கரை சேரும் வரையிலும், மீன் எடை போட்டு ஏற்றும் வரையிலும் இன்ஜினை அணைக்காமல் வண்டி நிற்பது உண்டு. கடைத்தெரு நெரிசலிலும் அப்படியே. நிற்கும் வண்டிக்கு விசிறி தரும் காற்று மட்டுமே துணை.

ஆகவே விசிறியின் பழுது நெடுஞ்சாலையில் தெரியாமல் இருந்து, மீன் ஏற்றும் இடத்தில்தான் முதலில் தலைகாட்டும். பாதி வழியில் இன்ஜின் நின்றால் பனிக்கட்டி உருகும், மீன் விலை இழக்கும். சூடேறிய பின்னும் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, சில நூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய ஒரு பழுது பல ஆயிரம் ரூபாய்ச் செலவாக மாறும்.

குளிர்விப்பு நடக்கும் விதம்

இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்விப்பு நீருக்குச் செல்கிறது. வாட்டர் பம்ப் அந்த நீரை இன்ஜினுக்குள் சுற்றவைக்கிறது. நீர் ஏறத்தாழ 82 முதல் 90 பாகை செல்சியசை எட்டும்போது தெர்மோஸ்டாட் திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டர் குழாய்களின் இடையே உள்ள தகடுகளில் காற்று பட்டு வெப்பம் நீங்குகிறது.

ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், வளிமண்டல அழுத்தத்தைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் சுமார் 120 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால், வேறு குறை எதுவும் இல்லாமலேயே நீர் முன்கூட்டிக் கொதிக்கும்.

படகு இன்ஜினுடன் ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். அவுட்போர்டு இன்ஜின் ஏரி நீரையோ கடல் நீரையோ இறைத்து, தன்னைக் குளிர்வித்துக்கொண்டு வெளியே விடுகிறது. பக்கவாட்டில் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை நின்றால் பம்ப்பில் அடைப்பு என்று படகோட்டி உடனே அறிவார். அந்த இன்ஜினுக்கு எடுக்க எடுக்கக் குறையாத நீர் உண்டு. ஆகையால் அதற்கு விசிறி தேவையில்லை. காரோ சில லிட்டர் நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. அந்த நீர் ஒவ்வொரு சுற்றிலும் காற்றால் ஆறினால்தான் இன்ஜின் பிழைக்கும். படகுக்கு நீர்த்தாரை எப்படியோ, நிற்கும் காருக்கு விசிறிக் காற்று அப்படி.

விசிறியின் வகைகள்

நேரடி விசிறி: வாட்டர் பம்ப்பின் கப்பியிலேயே விசிறி பொருத்தப்பட்டிருக்கும். அம்பாசிடர் கார்களில் இம்முறை இருந்தது. இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் விசிறியும் ஓடும். எளிமையானது. ஆனால் தேவையில்லாதபோதும் சக்தியை உண்ணும்.

விஸ்கஸ் கிளட்ச் விசிறி: பணிமனைகளில் சுருக்கமாக "விஸ்கஸ் ஃபேன்" எனப்படும். இன்ஜினை நீளவாக்கில் பொருத்தி, பின்சக்கரத்தை இயக்கும் டீசல் வண்டிகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. பொலேரோ, சுமோ, இன்னோவா ஆகியவற்றின் பல மாதிரிகளில் இது உண்டு.

மின்விசிறி: 12 வோல்ட் மோட்டாரால் சுழல்வது. இன்ஜினைக் குறுக்குவாக்கில் பொருத்திய, முன்சக்கரத்தை இயக்கும் சிறு கார்களில் இதுவே வழக்கம். மாருதி 800 முதல் இன்றைய சிறு கார்கள் வரை இவ்வகையைச் சேர்ந்தவை. இதில் கிளட்ச் கிடையாது. ரிலேயும் வெப்ப உணரியும் அந்த வேலையைச் செய்கின்றன.

பழுது தேடும் முன் வண்டியில் இருப்பது எந்த வகை என்று அறிய வேண்டும். விசிறியின் நடுவில், முன்புறம் சுருள் கம்பியோ பட்டைத் தகடோ கொண்ட, வரிவரியான அலுமினிய வட்டு இருந்தால் அது விஸ்கஸ் கிளட்ச். விசிறியிலிருந்து மின்கம்பி வந்தால் பெரும்பாலும் மின்விசிறி. சில வண்டிகளில் இன்ஜின் விசிறியுடன், ஏ.சி.க்கென்று ரேடியேட்டருக்கு முன்னால் தனி மின்விசிறியும் இருக்கும்.

விஸ்கஸ் கிளட்ச் வேலை செய்யும் விதம்

கிளட்சின் உள்ளே இரு பகுதிகள் ஒன்றையொன்று தொடாமல் மிக நெருங்கிச் சுழல்கின்றன. ஒன்று இன்ஜினால் சுழற்றப்படுவது. மற்றொன்று விசிறியைத் தாங்கும் உறை. இடைவெளியில் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் நிறைந்தால், அதன் பிசுபிசுப்பே ஒன்றின் சுழற்சியை மற்றொன்றுக்குக் கடத்தும். எண்ணெய் விலகினால் பிடிப்பு தளரும்.

எண்ணெய் எப்போது நிறைய வேண்டும் என்பதை முன்புறச் சுருள் தீர்மானிக்கிறது. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களால் ஆன அச்சுருள், ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானதும் திரும்பி ஒரு வால்வைத் திறக்கிறது. சேமிப்பு அறையிலிருந்து எண்ணெய் வேலை செய்யும் அறைக்குள் செல்கிறது. விசிறி வேகம் பிடிக்கிறது. காற்று ஆறியதும் வால்வு மூடிக்கொள்கிறது. எண்ணெய் மீண்டும் சேமிப்பு அறைக்குத் திரும்புகிறது.

இதனால் கிடைக்கும் பயன் சிறிதன்று. விசிறியின் வேகம் இரு மடங்கானால் அதைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகிறது. வண்டி வேகமாகச் செல்லும்போது எதிர்காற்றே போதும். அந்நேரத்தில் விசிறியைத் தளரவிடுவதால் டீசல் மிச்சமாகிறது, இரைச்சலும் குறைகிறது.

முதல் கேள்வி: எப்போது சூடாகிறது?

வெப்பமானியின் முள் எந்த நேரத்தில் ஏறுகிறது என்பதை ஓட்டுநர் இரண்டொரு நாள் குறித்து வைத்தால் போதும்.

நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால்: விசிறி, விசிறி கிளட்ச், அவற்றின் மின் இணைப்பு ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். ஓட்டத்தில் எதிர்காற்று கிடைப்பதால் இறங்குகிறது. ரேடியேட்டரும் பம்ப்பும் பெரும்பாலும் நலமாக உள்ளன என்பதற்கும் இதுவே சான்று.

நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்திலோ பாரத்திலோ ஏறினால்: விசிறியைக் குறை சொல்வதில் பயனில்லை. ரேடியேட்டர் உட்புற அடைப்பு, தகடுகளில் மண் அடைப்பு, கீழ்க்குழாய் உறிஞ்சப்பட்டுச் சப்பையாதல், வாட்டர் பம்ப் தேய்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இரண்டு நிலையிலும் ஏறினால்: நீர் குறைவு, கசிவு, மூடிப் பழுது, தெர்மோஸ்டாட் திறவாமை, ஹெட் கேஸ்கெட் பழுது ஆகியவை காரணமாகலாம்.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஏறினால்: மூடியபடியே சிக்கிய தெர்மோஸ்டாட், நீரே இல்லாத இன்ஜின் அல்லது கேஸ்கெட் பழுது. இவ்வளவு விரைவில் விசிறிக்கு வேலையே வந்திராது.

ஏ.சி. போட்டால் மட்டும் ஏறினால்: ஏ.சி.யின் கண்டென்சர் விசிறியையும், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சேர்ந்த குப்பையையும் பார்க்க வேண்டும்.

முள் முற்றிலும் நம்பத்தக்கதன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நீர் வெளியேறிவிட்டால் உணரி நீரில் முழுகாமல் வெற்றிடத்தில் நிற்கும். அப்போது இன்ஜின் கொதித்தாலும் முள் கீழே காட்டலாம். ஹீட்டரைப் போட்டும் சூடான காற்று வராமை, இனிப்பு கலந்த கூலன்ட் வாசனை, இழுவை குறைதல் ஆகியவை அந்நிலையின் அறிகுறிகள்.

சோதனைக்கு முன் பாதுகாப்பு

சூடான இன்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விலகிய நொடியில் நீர் ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைக்கும். மேல்குழாயைத் தொட்டு, கை தாங்கும் அளவுக்கு ஆறிய பின்னரே திறக்கலாம். இதற்குக் குறைந்தது அரை மணி நேரம் ஆகும்.

மின்விசிறி சாவியை அணைத்த பின்னும் தானாகச் சுழலக்கூடும். அதனருகில் கை வைக்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். லுங்கி நுனி, துண்டு, தாவணி, தொங்கும் சங்கிலி ஆகியவை பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே செல்லக் கூடாது.

ஓடும் விசிறியைச் சுருட்டிய செய்தித்தாளால் நிறுத்திப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இறக்கை உடைந்து பறந்தால் கண் போகும். அதைவிடப் பாதுகாப்பான சோதனைகள் இருப்பதால் இது தேவையற்றது.

விஸ்கஸ் கிளட்ச் சோதனை

1. கண்ணால் பார்த்தல். இன்ஜின் அணைந்து ஆறிய நிலையில் கிளட்சின் முகப்பையும் விளிம்பையும் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கோடுகோடாக எண்ணெயும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் சிலிக்கோன் எண்ணெய் கசிந்துவிட்டது எனலாம். சுருள் துருப்பிடித்து உடைந்துள்ளதா, மணலும் உப்பும் இறுகியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

2. ஆட்டிப் பார்த்தல். விசிறியின் எதிரெதிர் இறக்கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். இறக்கை நுனியில் சுமார் 6 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்துள்ளது. ஆட்டம் கிளட்சிலா, வாட்டர் பம்ப் தண்டிலா என்று பிரித்தறிய வேண்டும். பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளையில் நீர்க்கறை இருந்தால் குற்றம் பம்ப்பினுடையது.

3. கையால் சுழற்றுதல். ஆறிய இன்ஜினில் விசிறியைச் சுண்டிவிட்டால் அது பிசுபிசுப்பான தடையுடன் சிறிது சுற்றி நிற்க வேண்டும். எந்தத் தடையும் இல்லாமல் பல சுற்று ஓடினால் எண்ணெய் இல்லை. சிறிதும் அசையாவிட்டால் கிளட்ச் இறுகிவிட்டது.

4. குளிர்த் துவக்க ஒலி. இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் விசிறி ஓரிரு நிமிடம் உறுமி, பிறகு அடங்கினால் அது இயல்பே. நிற்கும்போது எண்ணெய் வேலை அறையில் தேங்கியதால் இவ்வொலி எழுகிறது. உறுமல் அடங்காமல் நாள் முழுதும் தொடர்ந்தால் கிளட்ச் இறுகிவிட்டது. உறுமலே எந்நேரமும் கேட்காவிட்டால் வெப்பச் சோதனை செய்ய வேண்டும்.

5. வெப்பச் சோதனை. வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட வேண்டும். முள் நடுநிலையைத் தாண்டத் தொடங்கும் வேளையில் விசிறியின் ஒலி தெளிவாக உயர வேண்டும். முன்கிரில்லில் ஒரு முழுத்தாளை வைத்தால் காற்று அதை உள்ளே இழுத்து ஒட்டவைக்க வேண்டும். முள் ஏறியும் ஒலி மாறாமல், தாளும் நழுவி விழுந்தால் கிளட்ச் பிடிக்கவில்லை. முள் சிவப்பை நெருங்கும் முன்னரே சோதனையை நிறுத்திவிட வேண்டும்.

6. அணைத்துப் பார்த்தல். நன்கு சூடான நிலையில் இன்ஜினை அணைத்ததும் விசிறி ஏறக்குறைய உடனே நிற்க வேண்டும். அணைத்த பின்னும் பல சுற்று தளர்வாகச் சுழன்றால் பிடிப்பு போதவில்லை.

கிளட்சுக்குக் குறை சொல்லும் முன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். தளர்ந்த பெல்ட் வழுக்கினால் விசிறியும் பம்ப்பும் ஒருசேர வேகம் இழக்கும். பளபளப்பாகத் தேய்ந்த பெல்ட்டும், வேகம் கூட்டும்போது எழும் கீச்சொலியும் இதன் அடையாளங்கள்.

மின்விசிறி சோதனை

1. ஏ.சி. சோதனை. பெரும்பாலான கார்களில் ஏ.சி.யைப் போட்டவுடன் அல்லது சிறிது நேரத்தில் மின்விசிறி ஓட வேண்டும். ஏ.சி.க்கு ஓடி, இன்ஜின் சூட்டுக்கு மட்டும் ஓடாவிட்டால் மோட்டார் நலம். உணரியின் பக்கமே குறை.

2. ஃபியூஸும் ரிலேயும். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே இட வேண்டும். மீண்டும் எரிந்தால் மோட்டார் இறுகியுள்ளது அல்லது கம்பி உராய்ந்துள்ளது. ரிலேயை, அதே எண்ணும் அதே அமைப்பும் உள்ள மற்றொரு ரிலேயுடன் இடம் மாற்றிப் பார்க்கலாம். விசிறி ஓடிவிட்டால் பழுது ரிலேயில்.

3. நேரடி மின்சாரம். மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, ஃபியூஸ் கோத்த கம்பிகளால் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்க வேண்டும். ஓடாவிட்டால் மோட்டார் பழுது. தட்டினால் ஓடி, பிறகு நின்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துள்ளது.

4. உணரி. பழைய கார்களில் ரேடியேட்டரில் உள்ள வெப்பச் சுவிட்சின் இரு கம்பிகளை இணைத்தால் விசிறி ஓட வேண்டும். ஓடினால் சுவிட்சே குற்றவாளி. கணினிக் கட்டுப்பாடு உள்ள பல கார்களில் வெப்ப உணரியின் இணைப்பைக் கழற்றினால், கணினி பாதுகாப்புக்காக விசிறியை ஓடவிடும். ஓடினால் ரிலேயும் மோட்டாரும் நலம்.

5. எர்த் சோதனை. உப்புக் காற்று வீசும் ஊர்களில் இது மிக முக்கியம். விசிறி ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் கம்பியிலும் மறுமுனையை பேட்டரியின் எதிர்முனையிலும் வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பில் துரு உள்ளது. விசிறி ஓடும், ஆனால் வேகம் இராது. பார்ப்பவர் விசிறி நலம் என்று எண்ணி வேறு உறுப்பைக் கழற்றுவார்.

6. இரு வேக விசிறி. சில கார்களில் குறைந்த வேகத்துக்கு ஒரு மின்தடை உண்டு. அது எரிந்தால் விசிறி முதற்கட்டத்தில் ஓடாமல், மிகுந்த சூடேறிய பின்னரே முழு வேகத்தில் ஓடும்.

7. திசை. மோட்டாரை மாற்றும்போது கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் விசிறி எதிர்த்திசையில் சுழலும். ஓடுகிற வண்டியில் எதிர்காற்றோடு இது மோதும். தாள் சோதனை இதையும் காட்டிவிடும்.

உப்பும் மணலும் செய்யும் வேலை

வெளியே நலமாகத் தோன்றும் ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகளை உப்பு மெல்லத் தின்கிறது. விரலால் தொட்டால் தகடுகள் வெண்பொடியாக உதிரும் நிலை வந்தால், விசிறி எவ்வளவு காற்று இழுத்தாலும் குழாயின் வெப்பம் அக்காற்றுக்குக் கைமாறாது. அந்நிலையில் கிளட்ச் மாற்றுவது வீண்.

மீன் பெட்டிகளிலிருந்து வடியும் நீரிலும் உப்பு உண்டு. அது வண்டியின் தரைத்தகடு வழியாகச் சிந்தி, அடியில் செல்லும் கம்பி இணைப்புகளில் பச்சைப் பூச்சாகப் படியும். இத்தகைய இணைப்புகளைக் கழற்றி, சுரண்டித் துடைத்து, கிரீஸ் தடவிப் பூட்டுவதற்குப் பெரிய செலவில்லை.

ரேடியேட்டரில் ஏரி நீரையோ உப்புக் கரிக்கும் கிணற்று நீரையோ ஊற்றுவது மிகப் பெரிய கேடு. உப்பு உள்ளே அரிப்பையும் படிவையும் உண்டாக்கி, பம்ப்பின் இறக்கையையும் ரேடியேட்டர் குழாயையும் கெடுக்கும். கூலன்டைக் கனிமம் நீக்கிய நீருடன், தயாரிப்பாளர் கூறும் அளவில் கலந்தே ஊற்ற வேண்டும். வண்டியை ஏரியில் இறக்கிக் கழுவும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். கடற்கரைப் பயணத்துக்குப் பின் நன்னீரால், அதிக அழுத்தமின்றி, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்புறம் நோக்கி ரேடியேட்டரைக் கழுவுவது நல்லது. தகடுகளில் சிக்கிய மணலும் பூச்சியும் வந்த வழியே வெளியேறும்.

குறுக்கு வழிகளும் அவற்றின் விலையும்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுதல்: "வால்வை எடுத்துவிட்டால் சூடாகாது" என்பது பரவலான நம்பிக்கை. இதனால் இன்ஜின் உரிய வெப்பத்தை அடையத் தாமதமாகி, எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குப் பாதையில் திரும்பி, சூடு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும்.

கிளட்சை வெல்டிங் அல்லது போல்ட் வைத்து இறுக்குதல்: விசிறி எப்போதும் இன்ஜின் வேகத்திலேயே சுழலும். டீசல் செலவு கூடும், பம்ப் பேரிங் தேயும். அவ்வேகத்துக்கு வடிவமைக்கப்படாத இறக்கை உடைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும் அபாயமும் உண்டு.

மின்விசிறியை "டைரக்ட்" கொடுத்தல்: ரிலே இல்லாமல் சிறு சுவிட்சின் வழியே மோட்டாரை ஓட்டினால் சுவிட்சும் கம்பியும் சூடேறித் தீப்பிடிக்கலாம். ஓட்டுநர் சுவிட்சைப் போட மறந்த நாளில் இன்ஜின் போய்விடும்.

விசிறியைச் சுற்றியுள்ள உறையைக் கழற்றிவிடுதல்: வேலைக்கு இடையூறு என்று கழற்றிய பிளாஸ்டிக் உறையைத் திரும்பப் பூட்டாமல் விடுவதுண்டு. உறை இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் முழுவதிலுமிருந்து காற்றை இழுக்காது. பக்கங்களிலுள்ள சூடான காற்றையே சுற்றிவிடும். நிற்கும்போது சூடேற இது மட்டுமே போதும்.

கிளட்ச் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

சில கிளட்சுகள் நான்கு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். சில, நடுவில் ஒரே பெரிய நட்டால் திருகப்பட்டிருக்கும். அந்த நட்டு வண்டிக்கு வண்டி இடமரையாகவோ வலமரையாகவோ இருக்கும். எதுவென்று கையேட்டில் பார்க்காமல் பலம் கொடுத்தால் பம்ப் தண்டு சேதமாகும்.

புதிய கிளட்சை நிறுத்திய நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். முகம் கீழாகப் படுக்கவைத்தால் எண்ணெய் கசியலாம். பழைய விசிறியில் விரிசல் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒட்டிய இறக்கையை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. பம்ப் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதையும் அதே நேரத்தில் மாற்றாவிடில் புதிய கிளட்சும் விரைவில் கெடும். மாற்றிய பின் நிறுத்திய நிலையில் வெப்பச் சோதனையை மறுபடி செய்து பார்த்தே வண்டியைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வழியில் சூடேறினால்

முள் ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் போட்டால் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறும். குறை விசிறியில் மட்டும் என்றால், நெரிசலை விட்டு விலகிச் சீரான வேகத்தில் செல்லும்போது முள் இறங்கும். அவ்வாறு இறங்காமல் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி உடனே அணைத்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று ஓட்டும் அந்தத் தூரத்தில்தான் சிலிண்டர் ஹெட் வளைகிறது.

மீன் வண்டிகளில் பனிக்கட்டி கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். அதையோ அதன் உருகிய நீரையோ கொதிக்கும் இன்ஜின் மேல் கொட்டக் கூடாது. திடீரெனக் குளிரும் உலோகம் வெடித்துவிடும். மீன் பெட்டி நீர் உப்பும் கழிவும் கலந்ததாதலால் ரேடியேட்டருக்கும் ஆகாது. இன்ஜின் ஆறிய பின், குடிதண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி அருகிலுள்ள பணிமனை வரை செல்லலாம். பின்னர் அந்நீரை வெளியேற்றி உரிய கூலன்டை நிரப்ப வேண்டும்.

ரேடியேட்டரில் இடைவிடாத குமிழிகள், வெளிப்புகையில் வெண்மை, இன்ஜின் ஆயிலில் பால் நிறம் ஆகியவை தென்பட்டால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். அப்போது வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே முறை.

மாத வழக்கம்

மாதம் ஒரு காலையில், ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவு, மூடியின் ரப்பர், பெல்ட்டின் இறுக்கம், விசிறியின் ஆட்டம், கிளட்சின் எண்ணெய்க் கசிவு, எர்த் இணைப்பு ஆகிய ஆறையும் பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். கோடை தொடங்கும் முன் ஒருமுறை வெப்பச் சோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம். மீன் ஏற்ற நிற்கும் வேளையில் முள் வழக்கத்தைவிட ஒரு கோடு மேலே சென்று, சாலையில் இறங்கியதும் தாழ்ந்தால், குறை தானாகச் சரியாகிவிட்டது என்று பொருளன்று. விசிறி செய்ய வேண்டிய வேலையை அப்போது எதிர்காற்று செய்கிறது என்பதே அதன் பொருள். அன்றே பார்த்தால் அது ஒரு ரிலேயோடு, ஒரு பெல்ட்டோடு அல்லது ஒரு கிளட்சோடு முடியும்.